வங்கி ஏலத்தில் வீடு கேட்பதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சொத்து ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. நாளிதழில் வந்த வங்கி ஏல அறிவிப்பைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் நடத்தும் ஏலத்துக்கு மட்டுமே இவை பொருந்தும். நீதிமன்றம் நடத்தும் ஏலத்துக்கு விதிகள் வேறு.

பேப்பர்ல "சர்ஃபேசி சட்டப்படி ஏலம்"னு போடறாங்களே, அப்படின்னா என்னங்க?

வீட்டை அடமானமாக வைத்துக் கடன் வாங்கியவர் தவணையைக் கட்டத் தவறினால், வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அந்த வீட்டை விற்றுக் கடனை வசூலித்துக்கொள்ள 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. அதைத்தான் சுருக்கமாக சர்ஃபேசி என்கிறோம். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாகும். அதன்பின் வங்கி 13(2)-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு அனுப்பி 60 நாள் அவகாசம் தர வேண்டும். கடன்தாரர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாள்களுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் சொத்தைச் சுவாதீனம் எடுப்பதும், அதாவது தன் வசப்படுத்துவதும், ஏலம் விடுவதும் நடக்கும்.

விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே, ஊரோரத்தில் "வீடும் காலியிடமும்" என்று அறிவிப்பு வந்தால், அந்தக் காலியிடம் வருவாய்ப் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது, அதில் பயிர் ஏதும் நிற்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

உண்மையிலேயே விலை மலிவா கிடைக்குமா?

சில நேரம் கிடைக்கும், பல நேரம் கிடைக்காது. ஏலத்தின் ஆரம்ப விலையை, அதாவது ரிசர்வ் விலையை, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் அறிக்கையை வைத்துத்தான் வங்கி நிர்ணயிக்கிறது. அந்த விலைக்கு ஆள் வராமல் இரண்டாம், மூன்றாம் முறை ஏலம் விடும்போது விலையைக் குறைப்பதுண்டு.

ஆனால் ஏல விலை என்பது நீங்கள் கொடுக்கப்போகும் முழு விலை அல்ல. நிலுவையிலுள்ள வீட்டுவரி, தண்ணீர் வரி, மின் கட்டணம், அடுக்ககமாக இருந்தால் பராமரிப்பு பாக்கி, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், மூடிக் கிடந்த வீட்டைச் சீர்செய்யும் செலவு, வீடு கைக்கு வரும்வரை உங்கள் பணத்துக்கான வட்டி ஆகிய அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அப்படிக் கூட்டிய தொகை, அதே தெருவில் வில்லங்கம் இல்லாத ஒரு வீட்டின் விலையைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் மட்டுமே ஏலத்துக்குப் போவதில் பொருள் உண்டு என்பது என் கருத்து.

ஒரு குடும்பத்தோட வீட்டை இப்படி வாங்குறது பாவம் இல்லையா?

பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. இதை நான் ஒருபோதும் தள்ளிவிடுவதில்லை. ஏலத்தில் வரும் பணம் வங்கியின் பாக்கிக்கும் செலவுக்கும் போக மிஞ்சினால், அந்த மிச்சம் அதற்கு உரியவருக்குத்தான் சேர வேண்டும் என்று 13(7)-ஆம் பிரிவு சொல்கிறது. பொதுவாக அந்த உரியவர் வீட்டின் பழைய உரிமையாளரே. ஆகவே நியாயமான விலைக்கு வீடு போவது அந்தக் குடும்பத்துக்கும் நல்லது. அடிமாட்டு விலைக்குப் போனால் வீடும் போய், கடனில் ஒரு பகுதியும் தலைமேல் நிற்கும்.

குடியிருப்பவர்களை ஆள் வைத்து மிரட்டுவதும் ஏலத்துக்கு வருபவர்களோடு கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவதும்தான் பாவம். இரண்டையும் செய்ய அழைக்கும் தரகர்கள் இருக்கிறார்கள்; அவர்களோடு சேராதீர்கள்.

அறிவிப்புல எதையெல்லாம் கவனிக்கணும்?

முதலில் தேதிகளைப் பாருங்கள். முதல் முறை ஏலம் என்றால் அறிவிப்பு வெளியான நாளுக்கும் ஏல நாளுக்கும் இடையே 30 நாள் இருக்க வேண்டும். முதல் ஏலம் நடக்காமல் போய் மறுபடி விடும்போது 15 நாள் போதும். கடன்தாரருக்கும் விற்பனை குறித்துத் தனியாக அறிவிப்பு சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு நாள் குறைந்தாலும், பின்னால் வழக்குப் போடுபவருக்கு அதுவே பிடிமானம் ஆகிவிடும்.

அடுத்து, சுவாதீனம் எந்த வகை என்று ஒரு சொல் இருக்கும்: "குறியீட்டுச் சுவாதீனம்" (அறிவிப்பு மட்டும் கொடுத்திருப்பது) அல்லது "நேரடிச் சுவாதீனம்" (வீடே வங்கியின் கையில் இருப்பது). அறிவிப்பில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும் இந்தச் சொல்தான் விலையைவிட முக்கியமானது. அதோடு, "வங்கிக்குத் தெரிந்த வில்லங்கங்கள்" என்ற பத்தியையும் படியுங்கள். "தெரிந்தவரை ஏதுமில்லை" என்று அங்கே எழுதியிருந்தால், வங்கி தேடிப் பார்த்து உத்தரவாதம் தருகிறது என்று கொள்ள வேண்டாம்.

"உள்ளது உள்ளபடி"ன்னு போட்டிருக்காங்க. அதுக்கு என்ன அர்த்தம்?

சொத்து எங்கே, எந்த நிலையில், என்னென்ன பாக்கிகளோடு இருக்கிறதோ அப்படியே உங்களிடம் தரப்படுகிறது. குறைகளுக்கு வங்கி பொறுப்பேற்காது என்று பொருள். இது வெறும் சம்பிரதாய வாசகம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. பழைய உரிமையாளர் வைத்துப்போன மின் கட்டண பாக்கியை ஏலத்தில் எடுத்தவரிடம் கேட்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் 2023 மே மாதம் தீர்ப்பு வந்தது. மின்வாரிய விதிகள் இடம் தந்தால் பழைய பாக்கியைக் கட்டும்படி நிபந்தனை விதித்துப் புது இணைப்பை மறுக்கலாம் என்றும், "உள்ளது உள்ளபடி" என்று அறிவித்த சொத்தை எடுப்பவர் பாக்கிகளை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர் என்றும் நீதிமன்றம் கூறியது.

ஆகவே மின் இணைப்பு எண்ணையும் வீட்டுவரி எண்ணையும் வங்கியிடம் கேட்டு வாங்கி, பாக்கி எவ்வளவு என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். அரை மணி நேர வேலைதான்.

பேங்க்காரங்களே லீகல் பார்த்துத்தானே கடன் கொடுத்திருப்பாங்க? நாம எதுக்கு மறுபடி பார்க்கணும்?

இந்த ஒரு நம்பிக்கையால் வரும் நஷ்டம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. வங்கி பார்த்த சட்டக் கருத்துரை, கடன் கொடுத்த நாளன்று, கடன்தாரர் கொண்டுவந்த ஆவணங்களை வைத்து எழுதப்பட்டது. அதில் பிழை இருந்தால் அந்தப் பிழையோடுதான் சொத்து உங்களிடம் வரும். கடன்தாரருக்கு இருந்த உரிமைக்கு மேல் ஒரு சதுர அடி உரிமையைக்கூட வங்கியால் உங்களுக்குத் தர முடியாது.

அடிக்கடி நான் காண்பது பூர்வீகச் சொத்துச் சிக்கல். தந்தை தன் பெயரில் பட்டா இருப்பதை வைத்துக் கடன் வாங்கியிருப்பார். மகள்களின் கையெழுத்து எங்கும் இருக்காது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, அந்த நாளில் திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அதை இன்னும் விரித்தது. கையெழுத்துப் போடாத மகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் எதிர்மனுதாரராக நிற்கப்போவது ஏலத்தில் எடுத்த நீங்கள்தான். எனவே தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) தொடங்கி, சொத்து சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா) பூர்வீகமா என்று பார்த்து, குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்து, வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் அடுத்த பத்திரத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பத்திர நகல்களைப் பார்வையிட அனுமதி கேட்டு, ஏலத்தை நடத்தும், வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள்.

காகிதத்தில் சரியாக இருப்பது தரையில் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒரு சொத்தின் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, கையில் வைத்துக்கொண்டு நானே டேப் பிடித்துப் பார்த்தேன். கிழக்கே தென்வடல் தடம், வடக்கே வேறொருவர் மனை என்று எல்லாம் பொருந்தி வந்தது. தெற்குப் பக்கம் திரும்பியபோதுதான் தெரிந்தது: மாடிக்கு ஏறும் படிக்கட்டு முழுவதும் பக்கத்து மனைக்குள் இறங்கியிருந்தது. இரண்டு மனையும் அண்ணன் தம்பிக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் கட்டியது. வங்கிக்கு அடமானமானது தம்பியின் மனை மட்டும். அதை ஏலத்தில் எடுப்பவர் தன் மாடிக்கு ஏற வேண்டுமானால் அண்ணனின் தயவில்தான் ஏற வேண்டும். எந்த வில்லங்கச் சான்றிலும் இது வராது.

வீட்டை உள்ளே போய்ப் பார்க்க விடுவாங்களா?

நேரடிச் சுவாதீனம் வங்கியிடம் இருந்தால், அறிவிப்பில் குறித்துள்ள நாளில் பூட்டைத் திறந்து காட்டுவார்கள். குறியீட்டுச் சுவாதீனம் என்றால், வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டி நாளிதழில் வெளியிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே இன்னும் ஆட்கள் குடியிருப்பார்கள், சாவி அவர்களிடம்தான் இருக்கும்.

அப்போதும் வெளியிலிருந்து பார்க்க நிறைய இருக்கிறது. ஒரு வீட்டின் சுவரில் ஒட்டிய அறிவிப்பு பாதி கிழிந்து தொங்கியது. வாசலில் அன்று காலை போட்ட கோலம் இருந்தது. மாடிக் கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பக்கவாட்டுச் சுவரில் ஒன்றுக்கு இரண்டாக மின் மீட்டர் இருப்பதைப் பார்த்த பிறகுதான், மேலே தனியாக ஒரு வாடகைக் குடும்பம் இருப்பது தெரிந்தது. அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பக்கத்து வீட்டாரிடமும் தெருமுனைக் கடையிலும் மரியாதையாகக் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

குறியீட்டுச் சுவாதீனம்னா வீடு கைக்கு எப்போ, எப்படி வரும்?

14-ஆம் பிரிவின்கீழ் வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுக் கொடுக்க வேண்டும். அவர்கள் உத்தரவிட்டபின், வழக்கறிஞர் ஆணையரோ வருவாய் அலுவலரோ காவல் துறை உதவியோடு சென்று சுவாதீனத்தை எடுத்துத் தருவார்கள். மனுவின் மீது 30 நாள்களுக்குள், காரணம் இருந்தால் மொத்தம் 60 நாள்களுக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதற்கு மேல் ஆவதைப் பார்த்திருக்கிறேன்.

விற்பனை முடிந்துவிட்டதால் வங்கி இனி மனுக் கொடுக்க முடியாது என்று சிலரிடம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது சரியல்ல. சொத்து முழுமையாகக் கைமாறாமல் குறியீட்டுச் சுவாதீனம் மட்டுமே இருந்த நிலையில், விற்பனைக்குப் பின்னும் வங்கி 14-ஆம் பிரிவை நாடலாம் என்று 2018-இல் கோவா ஓட்டல் ஒன்றின் ஏலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏலம் கேட்பதற்கு முன்பே, நேரடிச் சுவாதீனம் எடுத்துத் தரும் பொறுப்பு யாருடையது என்பதை வங்கியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மாடியில வாடகைக்கு ஆள் இருந்தா அவங்களை காலி பண்ண முடியுமா?

வாடகை எப்போது தொடங்கியது என்பதைப் பொறுத்தது. அடமானத்துக்கு முன்பே முறையான ஒப்பந்தத்தோடு குடிவந்தவருக்கு அந்தக் குத்தகைக் காலம் முடியும்வரை பாதுகாப்பு உண்டு. 13(2) அறிவிப்பு வந்தபின் வங்கியின் சம்மதம் இல்லாமல் உண்டாக்கிய வாடகை வங்கியையும் உங்களையும் கட்டுப்படுத்தாது. ஏலத்தைத் தடுப்பதற்காகவே பழைய தேதியிட்டு எழுதப்படும் ஒப்பந்தங்களும் உண்டு. முத்திரைத்தாள் வாங்கிய தேதி, மின் கட்டண ரசீது, வாடகை வங்கிக் கணக்கில் வந்ததா என்பவற்றை வைத்து அவற்றின் உண்மையைக் கடன் வசூல் தீர்ப்பாயம் ஆராயும்.

ஏலத்துல கலந்துக்க என்ன செய்யணும்?

இப்போது எல்லாமே இணையவழி ஏலம். பொதுத்துறை வங்கிகளின் சொத்துகளைப் பெரும்பாலும் பேங்க்நெட் தளத்தில் பார்க்கலாம். மற்ற நிறுவனங்கள் வேறு தளங்களைப் பயன்படுத்துகின்றன. ஆதார், பான் கொடுத்துப் பதிவு செய்து, முன்வைப்புத் தொகையை, வழக்கமாக ரிசர்வ் விலையில் 10 சதவீதத்தை, கடைசி நாளுக்கு முன் செலுத்த வேண்டும். ஏலம் கிடைக்காவிட்டால் இந்தத் தொகை வட்டியில்லாமல் திரும்பி வரும். கடைசி நிமிடங்களில் யாராவது கூட்டிக் கேட்டால் நேரம் தானாக நீளும். அந்தப் பரபரப்பில் எல்லையைத் தாண்டிவிடாமல் இருக்க, முன்பு சொன்ன செலவுக் கணக்குத் தாளில் உங்கள் உச்ச விலையை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

ரிசர்வ் விலைக்குக் கீழ கேட்கலாமா? இல்ல, நேரா மேனேஜர்கிட்டயே பேசி முடிச்சுக்கலாமா?

ஏலத்தில் ரிசர்வ் விலைக்குக் கீழே கேட்க முடியாது. ஆனால் அந்த விலைக்கு மேல் யாரும் வராதபோது, கடன்தாரரும் வங்கியும் இருவரும் சம்மதித்தால் குறைந்த விலைக்கும் விற்கலாம் என்று சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளில் விதி 9(2) இடம் தருகிறது. தனிப்பேச்சின் மூலம் விற்பதற்கும் விதி 8-இல் வழி உண்டு. அதன் நிபந்தனைகள் எழுத்து மூலம் முடிவாகியிருக்க வேண்டும். இரண்டு வழியிலும் கடன்தாரரின் கையெழுத்தை நீங்களே கண்ணால் பார்த்து, நகல் வாங்கிய பின்னரே பணம் கட்டுங்கள். கடன்தாரர் அறியாமல் உள்ளுக்குள் பேசி முடித்த விற்பனை தீர்ப்பாயத்தில் நிற்பது அரிது.

ஏலம் எனக்குக் கிடைச்சிருச்சு. பணம் கட்ட எவ்வளவு நாள் தருவாங்க?

முன்வைப்புத் தொகையையும் சேர்த்து, ஏல விலையில் 25 சதவீதத்தை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்தை விற்பனை உறுதியான 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்து மூலம் சம்மதித்தால் இதை நீட்டிக்கலாம், ஆனால் மூன்று மாதத்தைத் தாண்ட முடியாது.

கட்டத் தவறினால் அந்த 25 சதவீதமும் பறிமுதல் ஆகும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கில், ரூ.12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் மீதித் தொகையைத் திரட்ட முடியாமல் போனதால் ரூ.3 கோடிக்கு மேல் இழந்தார். வங்கிக்கு அந்த அளவு நஷ்டமே இல்லை என்ற வாதத்தை ஏற்காமல், முழுப் பறிமுதலும் செல்லும் என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வீட்டுக்கடன் வாங்கி மீதியைக் கட்டலாம் என்று எண்ணுபவர்கள், ஏலத்துக்கு முன்பே அந்தக் குறிப்பிட்ட சொத்துக்குக் கடன் ஒப்புதலை எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். "பார்த்துக்கலாம் சார்" என்று கடன் பிரிவு அலுவலர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி யாரும் ஏலம் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஓனர் கடைசி நேரத்துல பாக்கியைக் கட்டி வீட்டை மீட்டுட்டா என் கதி?

2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்புவரைதான் கடன்தாரர் முழுப் பாக்கியையும் கட்டி மீட்க முடியும். மும்பை வழக்கு ஒன்றில் ரூ.105.05 கோடிக்கு ஏலம் முடிந்தபின், கடன்தாரர் ரூ.129 கோடி தருவதாகச் சொல்லி மீட்க முயன்றார். உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஏலம் எடுத்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே அறிவிப்பு முறையாக வெளியாகியிருந்தால் இந்த அச்சம் பெரும்பாலும் தேவையில்லை. முறையாக வெளியாகியிருந்தால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தேதிக் கணக்கை முன்பே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கடன் வாங்கினவர் டி.ஆர்.டி.ல கேஸ் போட்டிருக்கார்னு சொல்றாங்க. கேட்கலாமா, வேண்டாமா?

வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து 45 நாள்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் (டி.ஆர்.டி.) மனுச் செய்ய 17-ஆம் பிரிவு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய இடங்களில் இந்தத் தீர்ப்பாயங்கள் உள்ளன. வழக்கு இருக்கிறது என்பதாலேயே ஏலம் நின்றுவிடாது. தடையுத்தரவு இருந்தால்தான் நிற்கும்.

வழக்கு எண்ணை வாங்கி, மனுவில் என்ன குறை சொல்லப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். வட்டிக் கணக்கு அதிகம் என்ற வகைக் குறைகள் விற்பனையை அவ்வளவாக அசைக்காது. அறிவிப்பு சேரவில்லை, நாள் அவகாசம் தரவில்லை, நிலம் விவசாய நிலம் என்ற வகைக் குறைகள் விற்பனையையே ரத்தாக்கக் கூடியவை. அப்படி ரத்தானால் பணம் திரும்பி வரும், ஆனால் எப்போது, எவ்வளவு வட்டியோடு என்பது உத்தரவைப் பொறுத்தது. ஒரே சேமிப்பை வைத்துக் குடியிருக்க வீடு தேடுபவர் இத்தகைய சொத்தை விட்டுவிடுவதே நல்லது என்று நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்.

வில்லங்கத்துல வணிகவரித் துறை ஜப்தி காட்டுதே?

அடமானம் மத்தியப் பதிவகத்தில் (அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் அமைப்பு) பதிவாகியிருந்தால், வரி பாக்கியைவிட வங்கியின் கடனுக்கே முன்னுரிமை என்று 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, சர்ஃபேசி சட்டத்தின் 26-இ பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவு உண்டா என்று வங்கியிடம் கேளுங்கள். முன்னுரிமை சட்டத்தில் இருந்தாலும், ஜப்திப் பதிவைச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து நீக்கப் பல நேரங்களில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவும் கணக்குத் தாளில் ஏற வேண்டும்.

பணம் முழுசும் கட்டியாச்சு. இனி என்ன வாங்கணும்?

வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட்ட விற்பனைச் சான்றிதழ்தான் உங்கள் உரிமை ஆவணம். அதன் நகலைப் பதிவுச் சட்டத்தின் 89(4)-ஆம் பிரிவின்படி சார்பதிவாளருக்கு அனுப்பி முதலாம் புத்தகத்தில் (அசையாச் சொத்து ஆவணங்களுக்கான பதிவேடு) கோப்பிட்டாலே போதும், அதற்கு முத்திரைத் தீர்வை கேட்கக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அசல் சான்றிதழைப் பதிவுக்குக் கொடுத்தால் தீர்வை உண்டு. பின்னாளில் விற்கும்போதோ கடன் வாங்கும்போதோ தடை வராமலிருக்க, பதிவு செய்துகொள்ளும்படியே நான் சொல்கிறேன்.

விலை ரூ.50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து நீங்கள்தான் கட்ட வேண்டும். யாருடைய பான் எண்ணில் கட்டுவது என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், ஏனெனில் தவறான எண்ணில் கட்டியதைத் திருத்துவது நீண்ட வேலை. தாய்ப்பத்திரம் உட்பட எல்லா அசல்களையும் பட்டியலிட்டு, சரிபார்த்து, கையெழுத்திட்டுப் பெறுங்கள். வங்கியின் பெயரில் பதிவாகியுள்ள எம்.ஓ.டி. (பத்திரங்களை ஒப்படைத்துச் செய்த) அடமானத்தை நீக்கும் ரசீதையும் அன்றே கேளுங்கள். விற்றுவிட்டோமே என்று வங்கிகள் இதை மறந்துவிடுவதுண்டு. பிறகு பட்டா மாறுதல், வீட்டுவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு மனுக் கொடுத்து, ஒரு மாதம் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதில் அடமானம் நீங்கி உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள்.